வில்லுக்கு ஏற்ற அம்பு: எடை பார்த்து வாங்குங்கள்



அம்பெய்யப் பழகுவதை நபி (ஸல்) அவர்கள் ஊக்கப்படுத்தியதை நாம் அறிவோம். நம் நாட்டுப் போட்டிகளில் ‘இந்தியன் ரவுண்ட்’ என்ற பிரிவே மூங்கில் வில்லுக்கானது. பிள்ளைக்கு வில் வாங்கித் தரும் பெற்றோர், “சின்னப் பிள்ளைதானே, லேசான அம்பு போதும்” என்று நினைப்பதுண்டு. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

நாணை இழுக்கும்போது நம் கைப்பலம் வில்லில் சேர்கிறது. விட்டதும் அதில் பெரும்பகுதியை அம்பு எடுத்துக்கொண்டு பறக்க வேண்டும். அம்பு மிக லேசாக இருந்தால் மீதிப் பலம் வில்லையே உலுக்கும். கை அதிரும், நாண் சீக்கிரம் அறும், நாளடைவில் மூங்கில் பிளக்கும். அம்பு வைக்காமல் நாணை இழுத்து விடுவதும் இதே கேடுதான். வில் உடைந்தால் சிம்பு தெறிப்பது பிள்ளையின் முகத்தருகே.

கணக்கு எளிது. வில்லின் இழுவிசையைப் பவுண்டிலும், அம்பின் எடையைக் கிரெய்னிலும் சொல்வார்கள். ஒரு கிராம் சுமார் 15.4 கிரெய்ன். மரபு வில்லில் ஒரு பவுண்டுக்கு 8 முதல் 10 கிரெய்ன் என்பது பொதுவான அளவு. 9 என்று வைத்துக்கொண்டால்:

20 பவுண்டு வில்: 180 கிரெய்ன் (சுமார் 12 கிராம்)
30 பவுண்டு வில்: 270 கிரெய்ன் (சுமார் 17.5 கிராம்)
40 பவுண்டு வில்: 360 கிரெய்ன் (சுமார் 23 கிராம்)

இது முனை, இறகு எல்லாம் சேர்ந்த எடை. நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பார்க்கலாம்.

வில்லில் எழுதியிருப்பது பெரும்பாலும் 28 அங்குலம் இழுக்கும்போது வரும் இழுவிசை. பிள்ளை 24 அங்குலமே இழுத்தால், அங்குலத்துக்கு ஏறக்குறைய 2 பவுண்டு குறையும். கொக்கித் தராசை நாணில் மாட்டி, பிள்ளை இழுக்கும் தூரம் வரை இழுத்தால் சரியான அளவு தெரிந்துவிடும். அம்பு அந்தத் தூரத்தைவிட ஓரிரு அங்குலம் நீளமாக இருக்கட்டும்.

அம்பு கனமானால் வில்லுக்குக் கெடுதல் இல்லை. ஆனால் மெதுவாகப் போய்ச் சீக்கிரம் தாழும். ஒரே கட்டில் உள்ள அம்புகள் ஒரே எடையில் இருந்தால்தான் குறி ஒரே இடத்தில் விழும். நம் மலை ஈரத்தில் மூங்கில் அம்பு வளையவும் கனக்கவும் செய்யும். மழைக்காலம் முடிந்ததும் மறுபடி நிறுத்துப் பாருங்கள். கீறல் விட்ட அம்பை உடனே ஒதுக்கிவிடுங்கள்.

கட்டபெட்டு போன்ற சரிவான ஊரில், தேயிலைச் செடிகளுக்கிடையே குனிந்து இலை பறிப்பவர் கண்ணுக்குத் தெரியமாட்டார். பின்னால் மண்மேடு உள்ள இடத்தில், பெரியவர் உடனிருக்க மட்டுமே பழகட்டும். பறவை, விலங்குகளைக் குறி வைக்க வேண்டாம். உயிருள்ளதை இலக்காக்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். பள்ளிவாசல், கடைவீதி வழியே அம்பு கொண்டு செல்பவர் யாருக்கும் காயம் படாதபடி அதன் முனையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதும் அவர்கள் கற்றுத்தந்த ஒழுக்கமே. வில்லைக் கொடுக்கும் முன் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்போம், இன்ஷா அல்லாஹ்.