இணைய விளம்பரப் பதாகைகளில் எழுத்தும் வேற்றுமையும்: ‘லிங்கராஜபுரம்’ ஓர் எடுத்துக்காட்டு

பதாகை என்னும் சொல் இன்று இரு பொருளில் வழங்குகிறது. தெருவில் கட்டப்படும் விளம்பரத் துணி ஒன்று. இணையப் பக்கத்தின் தலைப்பிலோ ஓரத்திலோ தோன்றும் செவ்வக விளம்பரம் மற்றொன்று. பேச்சு வழக்கில் இரண்டும் ‘பேனர்’தான். பின்னதன் வரலாறு 1994ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள் ஹாட்வயர்டு என்னும் அமெரிக்க இணைய இதழில் தொடங்கியதாகப் பொதுவாகக் கூறப்படுகிறது. அன்றைய பதாகை 468 படப்புள்ளி அகலமும் 60 படப்புள்ளி உயரமும் உடைய ஒரு படம். இன்றைய பதாகையோ பெரும்பாலும் படமன்று. எழுத்துரு, அசைவு, நிரல் ஆகிய அனைத்தும் உடைய ஒரு சிறு இணையப் பக்கம். 2020ஆம் ஆண்டின் இறுதியில் ஃபிளாஷ் மென்பொருள் கைவிடப்படுவதற்குள்ளாகவே இம்மாற்றம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. படத்தில் உறைந்திருந்த சொற்கள் இவ்வாறு உண்மையான உரையாயின. தமிழைப் பொறுத்தவரை மொழியியல் சிக்கல்கள் இங்கேதான் தொடங்குகின்றன.

கருவியின் பணி

ஒரே விளம்பரம் 300×250, 728×90, 160×600, 320×50 எனப் பல அளவுகளிலும் பல மொழிகளிலும் தேவைப்படுகிறது. ஐந்து மொழி, நான்கு அளவு எனின் இருபது பதாகைகள். இவற்றைத் தனித்தனியே கையால் செய்வது வீண் உழைப்பு. எனவே கிரண்ட், கல்ப், வெப்பேக் போன்ற பொதுக் கருவிகளின் துணையோடு பதாகைக்கெனக் கட்டமைப்புக் கருவிகள் உருவாக்கப்படுகின்றன. அச்சட்டம் ஒரு கோப்பிலும் மொழிவாரியான உரை வேறொரு கோப்பிலும் இருக்கும். கருவி இரண்டையும் இணைத்து, படங்களைச் சுருக்கி, எழுத்துருவைக் குறைத்து, சொடுக்கினால் செல்ல வேண்டிய முகவரிக்கு இடம் வைத்து, ஒவ்வொரு பதாகையையும் ஒரு ஜிப் கோப்பாகக் கட்டித் தரும். கோப்பின் எடைக்கு உச்ச வரம்பு உண்டு. விளம்பர வலையமைப்புகள் பல நீண்ட காலம் 150 கிலோபைட் என்னும் வரம்பையே வைத்திருந்தன.

மொழிபெயர்ப்பாளர் கையில் கிடைப்பது இரண்டாவது கோப்பு மட்டுமே. சொல் எங்கு நிற்கும், எதனோடு ஒட்டும், எவ்வாறு அசையும் என்பன அவருக்குத் தெரிவதில்லை.

எழுத்தும் குறியீடும்

பெங்களூருவின் வடகிழக்கே, கம்மனஹள்ளிக்கும் ஹெண்ணூருக்கும் அருகில் அமைந்தது லிங்கராஜபுரம். கன்னடம், தமிழ், தெலுங்கு முதலிய பல மொழி பேசுவோர் வாழும் பகுதி இது. ஆகவே இடப்பெயர் சுட்டும் பதாகை ஒன்று இங்குப் பல மொழிகளில் வெளிவருதல் இயல்பு.

லிங்கராஜபுரம் என்னும் பெயரில் தமிழ் மரபுப்படி எட்டு எழுத்துகள்: லி, ங், க, ரா, ஜ, பு, ர, ம். ஒருங்குறியில் இதே பெயர் பதின்மூன்று குறியீடுகளாக உள்ளது. உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். சொற்களை எழுத்தெழுத்தாகத் தோன்றச் செய்வது விளம்பர அசைவுகளில் பெருவழக்கு. நிரல் குறியீட்டையே எழுத்தெனக் கொண்டு பிரித்தால் ‘ல’ ஒரு பெட்டியிலும் அதன் இகரக்குறி அடுத்த பெட்டியிலும் அமையும். துணையற்ற குறி புள்ளிவட்டத்தின்மேல் ஏறி நிற்கும். ‘கொ’ போன்றவற்றில் மெய்யின் இருபுறமும் நிற்க வேண்டிய குறி தனியே அலையும்.

இதற்குத் தீர்வு உண்டு. ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் இன்று கிடைக்கும் இன்டல்.செக்மென்டர் என்னும் கூறு, பயனர் காணும் எழுத்தலகுகளாக உரையைப் பிரித்துத் தருகிறது. இவ்வலகு, மெய்யையும் உயிர்மெய்யையும் தனி எழுத்தாக எண்ணும் தமிழ் மரபோடு வியக்கத்தக்க அளவு பொருந்துகிறது. க்ஷ, ஸ்ரீ ஆகிய கூட்டெழுத்துகள் மட்டும் இரண்டாகப் பிரியும்.

எழுத்துருச் சுருக்கத்திலும் இதே குழப்பம் நேரும். எடை குறைய வேண்டுமென்று உரையில் வரும் குறியீடுகளை மட்டும் வைத்து, எழுத்துருவின் இணைப்பு விதிகளை நீக்கிவிட்டால், ‘பு’ என்னும் ஒற்றை வடிவம் பகரமும் தனிக் குறியுமாகச் சிதையும். மேலும், இடப்பெயர் பின்னர் வந்து நிரம்பும் பதாகையில், சுருக்கத்தின்போது இல்லாத ‘ஜ’ வேறோர் எழுத்துருவிலிருந்து கடன் வாங்கப்பட்டு அயலாகத் தெரியும்.

உருபேற்பு

வடிவச் சிதைவு கண்ணுக்குத் தெரிவது, திருத்தப்பட்டுவிடும். இலக்கணச் சிதைவு அவ்வாறன்று. பார்வையாளர் இருக்கும் இடத்திற்கேற்பப் பெயரை நிரப்பும் அச்சட்டத்தில் ஆங்கிலத்துக்கு ‘இன்’ என்னும் முன்னிடைச்சொல்லும் வெற்றிடமும் போதும். இந்தியில் ‘மேம்’ தனிச் சொல்லாகப் பின்னே நிற்கும். தெலுங்கில் ‘லோ’ பெயரோடு ஒட்டினும் பெயர் திரிவதில்லை: லிங்கராஜபுரம்லோ. தமிழில் வெற்றிடத்தை அடுத்து ‘இல்’ சேர்த்தால் கிடைப்பது ‘லிங்கராஜபுரம்இல்’. எந்தத் தமிழரும் எழுதாத வடிவம் இது.

மகர ஈற்றுப் பெயர் அத்துச் சாரியை பெற்று ‘லிங்கராஜபுரத்தில்’ ஆகும். மல்லேஸ்வரமும் அவ்வாறே. கம்மனஹள்ளி யகர உடம்படுமெய் பெற்றுக் ‘கம்மனஹள்ளியில்’ ஆகும். கல்யாண் நகர் மாற்றமின்றிக் ‘கல்யாண் நகரில்’ எனப் புணரும். 2014ஆம் ஆண்டு நவம்பர் முதல் அலுவல் வடிவமான பெங்களூரு, ‘பெங்களூரில்’ என்றும் ‘பெங்களூருவில்’ என்றும் இருவகையாக வழங்குகிறது. கன்னடமும் இவ்வகையில் தமிழுக்கு அணுக்கமானது: லிங்கராஜபுரதல்லி, கம்மனஹள்ளியல்லி, பெங்களூரினல்லி. தரவுப் பட்டியலில் பெயர் ‘லிங்கராஜபுரா’ என்று ஏறியிருந்தாலோ ‘லிங்கராஜபுராவில்’ என்று ஆகிவிடும். உருபைத் தேர்வதற்கு முன் பெயரின் ஈற்றை முடிவு செய்தாக வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர் பலர் கைக்கொள்ளும் வழி ‘பகுதி’ என்னும் சொல்லை இடையிடுவது. ‘லிங்கராஜபுரம் பகுதியில்’ எனும்போது உருபைப் பகுதி ஏற்கிறது, பெயர் தீண்டப்படுவதில்லை. தப்பித்தல்தான் எனினும் தமிழ் வழக்குக்கு மாறானதன்று. ஆனால் 320×50 பதாகையில் இந்த ஐந்தெழுத்துக்கும் இடம் தேட வேண்டும். இதனினும் சிறந்தது, உரைக்கோப்பில் இடப்பெயருக்கு இரு வடிவங்களை வைப்பது: எழுவாய் வடிவம் ஒன்று, ‘லிங்கராஜபுரத்து’ என்னும் உருபேற்கும் வடிவம் ஒன்று. ஈற்றுக் குற்றியலுகரம் கெட்டு ‘இல்’, ‘இலிருந்து’ முதலியன சேரும். ‘க்கு’ அப்படியே ஒட்டும். சில நூறு இடப்பெயர்களுக்கு இதனை ஒருமுறை செய்தால் போதும். கருவியை எழுதுவோருக்கு இது ஒரு நிரல் கூடுதல் வேலை; ஆனால் கேட்டுப் பெற வேண்டியவர் மொழிபெயர்ப்பாளரே.

வல்லொற்று மிகுதல் இன்னும் நுட்பமானது. ‘லிங்கராஜபுரத்துக்குப் புதிய கடை’ என்னும் தொடரை அசைவுக்காக இரு காட்சிகளாகப் பிரித்தால், முதற் காட்சி ‘லிங்கராஜபுரத்துக்குப்’ என்று ஒற்றோடு தொங்கி நிற்கும். அச்சில் வரி முறியும்போது ஒற்றை விட்டுவைப்பது மரபு. கண் அடுத்த வரிக்கு உடனே செல்கிறது. காட்சி மாற்றம் வரிமுறிவன்று, நிறுத்தம். இரு சொற்களுக்கிடையே நிறுத்தம் வந்தால் புணர்ச்சிக்கு இடமில்லை. எனவே காட்சியின் இறுதியில் ஒற்றை நீக்குவதே தக்கது. இரண்டாம் சொல் ஒரு பொருட்பெயராகி மாறிமாறி நிரம்புமாயின், மிகும் ஒற்று எதுவென்பதே முன்கூட்டித் தெரியாது. அங்கும் நிறுத்தம் வரும்படி தொடரை அமைத்தால் சிக்கல் எழாது.