பழைய மவுண்டன் பைக்கில் தினமும் வேலைக்குப் போகலாமா? முதலில் எதை மாற்றவேண்டும்?

உங்கள் வீட்டு வாசலில் பழைய மவுண்டன் பைக் ஒன்று நிற்கிறதா?

பள்ளிக்கூடத்தில் படித்தபோது ஆசையாக வாங்கியது. இப்போது டயரில் காற்றில்லை, செயினில் துரு. "ஒண்ணு ஓட்டு, இல்லைன்னா தூக்கிப் போடு" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பார்.

தூக்கிப் போடும் முன் கொஞ்சம் யோசியுங்கள். சிங்கப்பூரில் 2030க்குள் சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குச் சைக்கிள் பாதைகள் அமைப்பது இலக்கு. எம்.ஆர்.டி நிலையத்துக்கோ ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அலுவலகத்துக்கோ போக அந்தப் பழைய சைக்கிளே போதும்.

ஆனால் காசை எதில் முதலில் போடுவது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். வரிசை இதுதான்: முதலில் சைக்கிள் ஒழுங்காக நிற்கவேண்டும். பிறகு சுலபமாக ஓடவேண்டும். வசதியெல்லாம் அதற்குப் பிறகு.

சரிசெய்யத் தகுந்த சைக்கிளா?

சைக்கிளை நன்றாகத் துடைத்துவிட்டு, சட்டகத்தில் குழாய்கள் ஒன்றுசேரும் இடங்களைப் பாருங்கள். ஹேண்டில்பாருக்குக் கீழும், பெடல் அச்சுக்குப் பக்கத்திலும், சீட்டுக்கு அடியிலும் பார்க்கவேண்டும். விரிசல் இருந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தச் சைக்கிளில் ஒரு வெள்ளிகூடப் போடாதீர்கள்.

சீட்டுக் கம்பி ஏறி இறங்குகிறதா என்றும் பாருங்கள். நம்ம ஊர் ஈரக் காற்றில் பல ஆண்டு அசையாமல் இருந்தால் அது குழாயோடு இறுகிப்போய்விடும். பலவந்தமாகத் திருகாமல் கடையில் காட்டுவது நல்லது.

முன்பக்க ஷாக் இல்லாத பழைய எஃகுச் சைக்கிளாக இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். தினப் பயணத்துக்கு அதுதான் ஆகப் பொருத்தம்.

1. பிரேக்

தடிமனாகத் தெரிகிறதே என்று பழைய பிரேக் கட்டைகளை நம்பிவிடாதீர்கள். ஓட்டாமல் கிடந்தாலும் ரப்பர் காலப்போக்கில் கெட்டியாகிவிடும். கெட்டியான ரப்பர் ரிம்மைச் சரியாகப் பிடிக்காது.

பிரேக்கை அழுத்தி விடுங்கள். கைப்பிடி 'டக்'கென்று திரும்பவில்லையா? உள்ளே இருக்கும் கேபிள் துருப்பிடித்திருக்கலாம். கட்டை, கேபிள், கேபிள் உறை மூன்றையும் ஒன்றாக மாற்றிவிடுங்கள்.

ரிம் நனைந்திருந்தால் நிற்பதற்குக் கூடுதல் தூரம் தேவைப்படும். மழையில் கொஞ்சம் முன்கூட்டியே பிரேக்கை மெதுவாக அழுத்தினால், கட்டை முதலில் தண்ணீரைத் துடைத்துவிடும். அதன் பிறகுதான் முழுப் பிடி கிடைக்கும்.

2. டயர்

மவுண்டன் பைக்கின் டயரில் இருக்கும் முட்டுமுட்டான ரப்பர், மண்ணையும் சேற்றையும் பிடிப்பதற்காக உள்ளது. தார்ச் சாலையில் அந்த முட்டுகள் வளைந்து வளைந்து நிமிரும். உங்கள் கால் பலத்தில் ஒரு பங்கு அதிலேயே போய்விடும். 'ர்ர்ர்' என்று சத்தம் வருவதும் அதனால்தான்.

வழவழப்பான டயருக்கு மாறுங்கள். 1.5 முதல் 1.75 அங்குல அகலம் போதும். ஒரே நாளில் வேறு சைக்கிள் ஓட்டுவதுபோல் இருக்கும்.

"மழையில் வழுக்காதா?" என்று கேட்கலாம். காரின் டயர் அகலமானது, வேகமும் அதிகம். அதனால் அது தண்ணீர்மேல் மிதக்க வாய்ப்புண்டு. சைக்கிள் டயர் குறுகலானது, வேகமும் குறைவு. தார்ச் சாலையில் எவ்வளவு ரப்பர் தரையைத் தொடுகிறதோ அவ்வளவு பிடிப்பு. உண்மையில் வழுக்குபவை ஈரமான சாலைக் கோடுகளும் இரும்புச் சாக்கடை மூடிகளும்தான். அவற்றின்மேல் திரும்பவோ பிரேக் போடவோ வேண்டாம்.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். '26 அங்குலம்' என்று மட்டும் கேட்டால் தவறான டயர் கிடைக்கலாம். பழைய டயரின் பக்கவாட்டில் 50-559 போன்ற எண் இருக்கும். இதில் 559 என்பதுதான் பெரும்பாலான பழைய மவுண்டன் பைக்குகளின் அளவு. 26 × 1⅜ டயரும் 26 அங்குலம்தான், ஆனால் அதன் எண் 590. உங்கள் ரிம்மில் அது உட்காராது.

3. செயின்

ஓர் அளவுகோல் எடுங்கள். புதிய செயினில் 24 கண்ணிகளின் நீளம் சரியாக 12 அங்குலம். 1/16 அங்குலம் கூடியிருந்தால் செயினை மாற்றும் நேரம் வந்துவிட்டது. 1/8 அங்குலம் கூடியிருந்தால் பின்பக்கப் பல்சக்கரங்களும் தேய்ந்திருக்கும். அப்போது இரண்டையும் சேர்த்தே மாற்றவேண்டும்.

4. மழையும் வியர்வையும்

மட்கார்ட் இல்லாமல் போனால் சட்டையின் முதுகில் சேற்றுக்கோடு நிச்சயம். அலுவலகம் போகிறவர்களுக்கு இது அவசியம்.

பையை முதுகில் மாட்டினால் வியர்வையில் நனைந்துதான் போய்ச் சேர்வீர்கள். பின்னால் ஒரு கேரியர் பொருத்திப் பையை அதில் வையுங்கள். பின்சக்கர அச்சுக்குப் பக்கத்தில் திருகுத் துளைகள் இருந்தால் வேலை சுலபம்.

5. விதிமுறைகள்

• சாலையிலும் பொதுப் பாதையிலும் ஓட்டும் சைக்கிளில் குறைந்தது ஒரு கைப் பிரேக் வேலை செய்யவேண்டும்.

• இருட்டில் முன்னால் வெள்ளை விளக்கு வேண்டும். பின்னால் சிவப்பு விளக்கு அல்லது சிவப்புப் பிரதிபலிப்பான் வேண்டும்.

• சாலையில் ஓட்டினால் தலைக்கவசம் கட்டாயம். விரைவுச்சாலையில் ஓட்டக்கூடாது.

• சைக்கிள் பாதையில் மணிக்கு 25 கிலோமீட்டர்தான் வேக வரம்பு.

• சைக்கிள் பாதைக்குப் பக்கத்திலேயே இருக்கும் நடைபாதை, 2025 ஜூலை 1 முதல் நடப்பவர்களுக்கு மட்டுமே.

• நீங்களாக மோட்டார் பொருத்தாதீர்கள். அது சட்டவிரோதம்.

ரயிலில் மடக்குச் சைக்கிளுக்கு மட்டுமே அனுமதி. உங்கள் சைக்கிள் நிலையத்தின் நிறுத்துமிடத்தில்தான் நிற்கும். அதனால் பூட்டில் கஞ்சத்தனம் வேண்டாம். சட்டகத்தையும் சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டுங்கள்.

எதை மாற்றத் தேவையில்லை?

கியர் ஒழுங்காக மாறினால் அப்படியே விடுங்கள். பெயின்ட், பளபளக்கும் ஹேண்டில்பார் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முன்பக்க ஷாக்கைப் பூட்டும் குமிழ் இருந்தால், சமதரையில் பூட்டிவிட்டு ஓட்டுங்கள். ஷாக்கைக் கழற்றிவிட்டுச் சாதாரண ஃபோர்க் போட ஆசைப்பட்டால் அதே உயரத்தில் வாங்குங்கள். உயரம் மாறினால் சைக்கிள் திரும்பும் விதமும் மாறிவிடும்.

சீட்டின் உயரத்தைச் சரிசெய்யக் காசே வேண்டாம். பெடல் ஆகக் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வையுங்கள். கால் நேராக நீண்டால் உயரம் சரி. முழங்கால் வலி பலருக்கு சீட்டைத் தாழ்த்தி ஓட்டுவதால்தான் வருகிறது.

எல்லாம் தயாரா? முதல் பயணத்தைத் திங்கட்கிழமை காலையில் வைத்துக்கொள்ளாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே வழியில் ஒருமுறை போய்வாருங்கள். எத்தனை நிமிடம் ஆகிறது, எங்கே இறங்கித் தள்ளவேண்டும், எங்கே பூட்டலாம் என்பதெல்லாம் அன்றே தெரிந்துவிடும்.