வாய்க்காலா, வண்டிப்பாதையா?

தென்பெரம்பூரில் வெண்ணாற்றிலிருந்து பிரியும் வெட்டாறு நாகூரை ஒட்டிக் கடலில் கலக்கிறது. ஆறும் தர்காவும் ரயில் பாதையும் எல்லா வரைபடங்களிலும் இருக்கும். வயலுக்குள் கிளை பிரியும், சி, டி என்று வகைப்படுத்தப்பட்ட சிறு வாய்க்கால்கள்தான் விடுபட்டுப்போகும். 2004-இல் தொடங்கிய ஓபன்ஸ்ட்ரீட்மேப் அந்தக் குறையைத் தீர்க்கக்கூடிய ஏற்பாடு. செயற்கைக்கோள் படத்தின் மேல் யார் வேண்டுமானாலும் தெருவையும் வீட்டையும் வாய்க்காலையும் வரைந்து சேர்க்கலாம். 2015 வெள்ளத்தில் சென்னையின் எந்தெந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது என்று பொதுமக்களே குறித்தது இந்த வரைபடத்தின் மேல்தான். ஆனால் ஊர் ஊராகக் கோடு இழுக்க ஆள் கிடைப்பதில்லை. அந்த இடத்தில் செயற்கை நுண்ணறிவு வந்து உட்கார்ந்திருக்கிறது.

2019-இல் ஃபேஸ்புக் வெளியிட்ட ‘ரேபிட்’ கருவி, படத்தைத் தானே அலசி, சாலை என்று தான் கணிப்பதைப் பளிச்சென்ற இளஞ்சிவப்புக் கோடாகக் காட்டும். தன்னார்வலர் சரிபார்த்து ஏற்றுக்கொண்டால் அது வரைபடத்தில் சேரும். மைக்ரோசாஃப்டும் கூகுளும் கட்டடங்களின் எல்லைகளை இப்படியே கணித்து இலவசமாகத் தருகின்றன. கட்டடங்களைப் பொறுத்தவரை எனக்குப் பெரிய மறுப்பில்லை. நாகூரின் பழைய தெருக்களில் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் நாலு வீட்டை இயந்திரம் ஒன்றாக எண்ணிவிடலாம்தான். என்றாலும் 2018 கஜா போன்ற புயலுக்குப் பிறகு எந்தப் பக்கம் எவ்வளவு குடியிருப்பு என்று தெரியாமல் விழிப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

வாய்க்கால் விஷயம் அப்படியல்ல. மே மாதப் படத்தில் வறண்ட டி வாய்க்கால் வெளிறிய ஒரு கோடு; அதன் கரைமேல் போகும் வண்டிப்பாதையும் வெளிறிய கோடுதான். வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்து, தண்ணீர் கடைமடை வந்து சேர்ந்த பிறகே எது எது என்று மேலிருந்து பிரித்தறிய முடியும். அதற்குள் இயந்திரம் வாய்க்காலைப் பாதை என்று காட்ட, காவிரி டெல்டாவையே பார்த்திராத ஒருவர் எங்கிருந்தோ அதை ஏற்றுக்கொண்டால், வரைபடத்தில் அது சாலையாகிவிடும். காலியாக இருக்கும் இடத்தைப் பார்ப்பவர் விசாரிப்பார். கோடு விழுந்த இடத்தை யாரும் விசாரிப்பதில்லை.

மனிதர்கள் மட்டும் தப்பே செய்யமாட்டார்களா என்று கேட்கலாம். செய்வார்கள், ஆளுக்கொரு விதமாக. இயந்திரமோ நாகூரில் செய்யும் அதே தப்பைத் திருவாரூரிலும் மன்னார்குடியிலும் செய்யும். அந்த வரைபடத்தையே அடுத்த தலைமுறைக் கருவிக்குப் பாடமாகக் கொடுத்தால் தப்பு இன்னும் வேரோடும். பிறகு யாராவது திருத்திக்கொள்வார்கள் என்ற சமாதானமும் எடுபடாது. வரையவே ஆளில்லாத ஊரில் திருத்த மட்டும் ஆள் எங்கிருந்து வரும்? பெரிய அளவில் தரவைக் கொண்டுவந்து சேர்க்குமுன் உள்ளூர்ப் பங்களிப்பாளர்களைக் கலந்துபேச வேண்டும் என்று ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் விதி இருக்கிறது. நல்ல விதி, கலந்துபேச உள்ளூரில் பங்களிப்பாளர்கள் இருந்தால்.

அதற்காகக் கருவியை ஒதுக்கச் சொல்லவில்லை. கூரையும் தார்ச்சாலையும் அதன் பொறுப்பில் இருக்கட்டும். டெல்டாவில் அது காட்டும் மண்பாதைகளுக்கு மட்டும், கோடைப் படத்தையும் சம்பா பருவத்துப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே ஒப்புதல் என்று வைத்துக்கொள்ளலாம். அப்போதும் சந்தேகம் தீராத கோட்டைப் பற்றிச் சொல்ல, மதகைத் திறந்து மூடும் லஸ்கர் இருக்கிறார். கடைசி வயல்காரர் இருக்கிறார்.