காலைக் கட்டிய குழந்தைகள்

திருநெல்வேலி மாவட்டம் டோனாவூரில் ஒரு கல்லறை. அதன்மேல் பெயர்க்கல் இல்லை. பறவைகள் நீர் குடிக்க ஒரு தொட்டிதான் இருக்கிறது. அதில் ஒரே ஒரு சொல்: "அம்மா".

அங்கே உறங்குபவர் எமி கார்மைக்கேல். அயர்லாந்து நாட்டுப் பெண். மணம் ஆகாதவர். 1895-ல் இந்தியா வந்தார். ஊர் ஊராகச் சென்று ஏசுவைப் பற்றிப் பேசி வந்தார்.

1901-ல், கோவிலுக்குப் பொட்டுக் கட்டிவிட இருந்த ஏழு வயதுச் சிறுமி தப்பி வந்து, அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். பிறகு மேலும் மேலும் குழந்தைகள் வந்தார்கள். பால் புகட்ட வேண்டும். இரவில் கண் விழிக்க வேண்டும். ஊர்ப் பயணம் என்ன ஆவது?

பிள்ளைகள் தாயின் காலைக் கட்டும் என்பார்கள். பெற்றவர்களுக்குத் தெரியும், அந்தக் கட்டு!

கடவுள் பணியை விட்டு ஆயா வேலை பார்க்கிறோமோ என்று எமி தம்மையே கேட்டுக் கொண்டார்.

விடை பைபிளில் கிடைத்தது. ஏசு துண்டைக் கட்டிக்கொண்டு சீடர்களின் கால்களைக் கழுவினார். அது வேலைக்காரன் செய்யும் வேலை. ஆண்டவரே அதைச் செய்தார் என்றால், இன்ன வேலைதான் செய்வேன் என்று சொல்ல நாம் யார்?

எமி கட்டை அவிழ்க்கவில்லை.

பணத்துக்காக அவர் யாரிடமும் கை நீட்டியதில்லை. ஜெபம் செய்தார். பிள்ளைகள் அதைப் பார்த்து வளர்ந்தார்கள்.

1951-ல் எமி இறந்தார். பெயர்க்கல் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். தொட்டியை வைத்தது பிள்ளைகள்.