குளிர்பெட்டியில் நம் ஊர்ப் பானத்துக்கு இடம் உண்டா?

மாசி முடியும் தறுவாயில் சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து செங்கல்பட்டு வரை ஜி.எஸ்.டி. சாலையோரம் தர்பூசணிக் குவியல்கள் எழும்பிவிடும். அதே நாட்களில்தான் மறைமலை நகர் மளிகைக் கடைகளின் வாசலில் கூல்டிரிங்ஸ் வண்டிகள் வந்து நிற்கும். கோடை மூன்று மாதமும் சிறு கடைக்காரருக்குக் கூடுதல் வரவு. அதில் இந்தப் பகுதியில் விளைவிப்பவருக்கும், இங்கேயே தயாரிப்பவருக்கும் என்ன போய்ச் சேருகிறது? சோடா போடுகிறவர்கள், தர்பூசணி பயிரிடுவோர், மெஸ் சமையல்காரர்கள் எனப் பலரிடமும் பேசிப் பார்த்தோம்.

பேச்சு எங்கே தொடங்கினாலும் 2017-க்கு வந்து விடுகிறது. ஜல்லிக்கட்டுப் போராட்டம் நடந்த அந்த ஜனவரியில், திரு. விக்கிரமராஜா அவர்களின் பேரமைப்பும் காலஞ்சென்ற திரு. வெள்ளையன் அவர்களின் பேரவையும் மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்பதில்லை என்று அறிவித்தது அன்பர்களுக்கு நினைவிருக்கும். வறட்சி ஆண்டு அது. கங்கைகொண்டானில் இக்கம்பெனிகளுக்குத் தாமிரபரணி நீர் தருவதை எதிர்த்த வழக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நடந்து கொண்டிருந்தது. நமது விற்பனைத் தடை தொடங்கிய மறுநாளே, மார்ச் 2-ஆம் தேதி, அந்த மனுக்கள் தள்ளுபடியாயின. நமக்கும் இது தொலைதூரச் செய்தி அல்ல. பெப்சி ஆலை அமைந்த மாமண்டூர், நமது பாலாற்றங்கரை ஊர்தான்.

சில காலம் பொவண்டோவுக்கு நல்ல கிராக்கி. 1916-இல் விருதுநகரில் தோன்றிய காளிமார்க், 1959-இல் கொண்டு வந்த பானம் அது. பன்னீர் சோடாவும் கோலி சோடாவும் பல கடைகளில் மறுபடி தலைகாட்டின. பிறகு பழைய பாட்டில்கள் மெல்ல மெல்லத் திரும்பி வந்து விட்டன. வாடிக்கையாளர் கேட்டார், அதனால் வைத்தோம் என்று நாம் சொல்லிக் கொள்கிறோம். அது பாதி உண்மைதான். கடையில் நிற்கும் குளிர்பெட்டி கம்பெனி கொடுத்தது. அதில் தன் சரக்கைத் தவிர வேறு எதையும் வைக்கக் கூடாது என்பது அவர்கள் நிபந்தனை. மின்கட்டணம் நம்முடையது, இடம் நம்முடையது, உள்ளே இருக்கும் தட்டுகள் மட்டும் அவர்களுடையவை! உள்ளூர் சோடா வெளியே மரப்பெட்டியில் வெயிலில் கிடந்தால் யார் வாங்குவார்?

சோடா போடுகிறவரிடம் பேசினால் ருசியைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டார். பாட்டிலைப் பற்றித்தான் சொல்வார். கோலி சோடாவில் மூடி கிடையாது. உள்ளேயிருக்கும் கேஸ் தான் கோலியை மேலே தள்ளி, கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தோடு இறுக்கிப் பிடிக்கிறது. தண்ணீர் எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு கேஸ் ஏறும். வளையம் தேய்ந்தால் கேஸ் இறங்கிப் போகும். கழுவுவதும் கடினம், உடைந்தால் நட்டம். கடைக்காரர் காலி பாட்டிலைத் திருப்பித் தராவிட்டால் அன்றைய லாபம் அதோடு போயிற்று. அவருடைய முதல் முழுவதும் பாட்டிலில்தான் முடங்கிக் கிடக்கிறது. இதே கோலி சோடா அமெரிக்காவுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் ஏற்றுமதியாவதாக 2025 மார்ச்சில் மத்திய வணிக அமைச்சகம் பெருமையோடு அறிவித்தது. துபாய்க்குப் போகிற சோடா நம் தெருமுனைக்கு வரத் தயங்குகிறது.

வரி விஷயத்தையும் பார்ப்போம். (நம் பகுதியில் ஜி.எஸ்.டி. என்றால் நெடுங்காலம் சாலைதான். 2017 ஜூலைக்குப் பிறகுதான் வேறு பொருளும் சேர்ந்தது.) இனிப்போ வாசனையோ சேர்க்காத சாதா சோடாவுக்கு 18 சதவீதமாக இருந்த வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 5 ஆகிவிட்டது. பாராட்டத்தக்கது. ஆனால் சர்க்கரை சேர்த்த பன்னீர் சோடாவுக்கு 28 சதவீத வரியும் 12 சதவீத செஸ்ஸுமாக இருந்தது, இப்போது ஒரே 40 சதவீதம். பன்னாட்டுக் கம்பெனிக்கும் இதே விகிதம்தான். 10 ரூபாய் மதிப்புள்ள பாட்டிலுக்கு 4 ரூபாய் வரி. போதாததற்கு, 2019 அக்டோபர் முதல் இத்தகைய பானம் தயாரிப்போருக்குச் சிறு வியாபாரிகளுக்கான தொகுப்பு வரித் திட்டமும் இல்லை என்றாகிவிட்டது. பதிவு வரம்புக்குள் இருக்கும் வரை சமாளிக்கலாம், வளர்ந்தால் நாற்பது. வளராமலே இருந்து விடலாம் என்று தோன்றாதா? இதை நம் சங்கங்கள் உரிய இடத்தில் எடுத்துச் சொல்ல வேண்டும்.

தர்பூசணி விவசாயிகளின் குறை வேறு. 2025 ஏப்ரலில், பழத்தில் சாயம் ஏற்றுகிறார்கள், டிஷ்யூ பேப்பரால் துடைத்துப் பாருங்கள் என்று சென்னையில் உணவுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் செய்து காட்ட, விற்பனை படுத்து விட்டது. நல்ல பழத்தின் சாறும் சிவப்பாகத்தான் ஒட்டும். அந்த நிறம் லைக்கோபீன் என்ற இயற்கைப் பொருளால் வருவது. விவசாயிகள் போராடினார்கள், அதிகாரி மாற்றப்பட்டார், ஆனால் அந்தப் பருவத்து விலை திரும்பவில்லை. கொடியில் கிடக்கும் பழம் வதந்தி ஓயும் வரை காத்திருக்காது. இத்தகைய நேரத்தில் கடைக்காரர் ஒரு பழத்தை வெட்டி, தானும் சாப்பிட்டு, வாடிக்கையாளருக்கும் ஒரு துண்டு கொடுத்தால் போதும். எந்த அறிக்கையையும் விட அது பேசும்.

தொழிற்சாலை மெஸ் சமையல்காரர்கள் தந்த தகவல்தான் நமக்குப் புதிது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், மறைமலை நகர் ஆலைகளில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் ஏராளம். அவர்களில் பலர், குறிப்பாக பீகாரிகள், கோடையில் தேடுவது ‘சத்து’ என்னும் பானம். கடைக்கு வந்து ‘சத்து’ என்று கேட்டால் நாம் சத்துமாவுப் பாக்கெட்டை எடுத்து நீட்டுகிறோம், அவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அவர்கள் கேட்பது வறுத்த கடலை மாவு. தண்ணீரில் கரைத்து உப்பு, எலுமிச்சை, நறுக்கிய வெங்காயம், பச்சை மிளகாய், சீரகத்தூள் போட்டுக் குடிப்பார்கள். மோர் மிளகாயைக் கடித்துக் கொண்டு நாம் குடிக்கும் கம்பங்கூழுக்குப் பங்காளி என்றே சொல்லலாம். வறுகடலையை வாங்கி நம் ஊர் மில்லில் அரைத்தால் இங்கேயே தயார். அதோடு கடுகெண்ணெய் அரை லிட்டர் பாட்டில் நாலு வைத்தால் அந்த வாடிக்கை வேறு கடைக்குப் போகாது.

ஓர் எச்சரிக்கை. உள்ளூர்ச் சரக்கு என்பதற்காக லேபிள் இல்லாத பாட்டிலை வாங்கி வைக்க வேண்டாம். உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண் இல்லாத சரக்கு பிடிபட்டால் தயாரித்தவரோடு விற்றவரும் பதில் சொல்ல வேண்டும். எண் வாங்காதவருக்கு வாங்கச் சொல்லுங்கள், விண்ணப்பம் போட உதவி செய்யுங்கள்.

நாம் பேசிய கடைக்காரர்களில் சொந்தக் குளிர்பெட்டி வைத்திருப்பவர்கள் பன்னீர் சோடாவையும் மோர்ப் பாக்கெட்டையும் கண்ணுக்கு நேரான தட்டில் வைத்திருக்கிறார்கள். கம்பெனிப் பெட்டி மட்டும் உள்ளவர்களில் சிலர், தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டுச் சமாளிக்கிறார்கள். சோடா போடுகிறவர்கள் கேட்பதோ இரண்டே: நிழலில் ஓர் இடம், வாரக் கடைசியில் எண்ணிக்கை குறையாமல் காலி பாட்டில்.