கொள்கலன்களைச் சோதிக்கும் கருவி: எமது சங்கங்கள் அறிய வேண்டியது

எடிசனிலும் அதைச் சூழவுள்ள ஊர்களிலும் கணனித்துறையில் இருக்கும் எம்மவர் பலர் பகலில் நிறுவன வேலையையும் இரவில் சமூக வேலையையும் பார்க்கிறார்கள். தமிழ்ப் பள்ளியின் மாணவர் பதிவு, ஊர்ச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியல், நிதி சேகரிப்பின் கணக்கு ஆகியவை இன்று கொப்பியில் இல்லை. எங்கோ ஒரு வாடகைக் கணனியில் இருக்கின்றன. அந்தப் பட்டியலில் உள்ள ஒருவருக்கு ஊரில் இன்னமும் தாயோ சகோதரனோ இருக்கலாம். ஆகவே அந்தக் கணனி ஒழுங்காகப் பூட்டப்பட்டுள்ளதா என்பது எம் எல்லோருக்கும் உரிய கேள்வி.

ஒரு மென்பொருளையும் அது இயங்கத் தேவையானவற்றையும் ஒரே பெட்டியில் அடைப்பதைக் கொள்கலன் என்கிறோம். பல கணனிகளில் பரந்து கிடக்கும் கொள்கலன்களை ஒன்றாக நடத்துவது குபர்நெட்டீஸ். கூகிள் 2014 இல் இதை வெளியிட்டது. கிரேக்க மொழியில் சுக்கான் பிடிப்பவர் என்று பொருள். எமது மொழியில் மீகாமன். சிறிய சங்கமொன்றுக்கு இவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. ஆனாலும் வேலையிடத்தில் பழகியதையே எமது பிள்ளைகள் இங்கும் நிறுவிவிடுகிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், இதில் திருத்தி அமைக்க வேண்டிய இடங்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. ஒன்றைத் தவறவிட்டாலும் கதவு திறந்தே கிடக்கும். டெஸ்லா நிறுவனத்துக்கு இதுவே நடந்தது என்பது 2018 பெப்ரவரியில் தெரியவந்தது. கடவுச்சொல் இல்லாத குபர்நெட்டீஸ் நிர்வாகப் பக்கம் வழியாக யாரோ நுழைந்து, அந்நிறுவனத்தின் கணனிச் செலவில் மெய்நிகர் நாணயம் உருவாக்கியதை ரெட்லொக் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளிப்படுத்தியது.

மனிதக் கண்ணால் அத்தனை இடங்களையும் பார்க்க முடியாது. அதற்காகவே தானியங்கிச் சோதனைக் கருவிகள் வந்தன. அக்குவா செக்கியூரிட்டியின் கியூப்-பெஞ்ச், சி.ஐ.எஸ் எனப்படும் இணையப் பாதுகாப்பு மையத்தின் விதித்தொகுப்பை எடுத்து, ஒவ்வொரு விதிக்கும் சித்தி, தவறு, எச்சரிக்கை என்று விடை தரும். தவறுக்கு என்ன திருத்தம் என்பதையும் கீழே எழுதும். ஆர்மோ நிறுவனம் உருவாக்கிய கியூப்ஸ்கேப், அமெரிக்க தேசியப் பாதுகாப்பு முகவரகம் முதலியன 2021 ஓகஸ்டில் வெளியிட்ட வழிகாட்டலையும் வைத்து ஒப்பிடும். இரண்டும் திறந்த மூலம், பணம் தேவையில்லை.

இவை எவற்றைப் பார்க்கின்றன? பெயர் சொல்லாமலே உள்ளே வர அனுமதி உண்டா, கொள்கலன் முழு அதிகாரத்துடன் இயங்குகிறதா, அமைப்புக் கோப்புகளை யார் வேண்டுமானாலும் வாசிக்கலாமா என்பன போன்றவை. இரகசியச் சொற்கள் குறியாக்கம் செய்யப்பட்டுள்ளனவா என்பது முக்கியமானது. குபர்நெட்டீஸ் அவற்றைச் சாதாரணமாக வேறொரு எழுத்துவடிவில் மாற்றி மட்டுமே வைக்கிறது. அது பூட்டு அல்ல. எவரும் நொடியில் திருப்பி வாசிக்கலாம்.

கருவிக்கும் எல்லை உண்டு. அமேசன், கூகிள் போன்றோர் நடத்தித் தரும் ஏற்பாடுகளில் தலைமைக் கணனியைக் கியூப்-பெஞ்சால் எட்டிப் பார்க்க முடியாது. அப்பகுதி அவர்களின் பொறுப்பு. ஒரு கணக்குக்கு முழு அதிகாரம் உண்டென்று கருவி சொல்லும். அந்தக் கணக்குக்குரிய தொண்டர் சங்கத்தை விட்டு விலகி ரெக்சாஸுக்குப் போய் மூன்று வருடமாகிறது என்பது அதற்குத் தெரியாது. அது எமக்குத்தான் தெரியும். ஒருவரின் பழைய விலாசத்தை இன்னும் வைத்திருக்க வேண்டுமா என்றும் கருவி கேட்காது.

இன்னொன்று: சோதனை அறிக்கையே ஒரு திருடனுக்கு வழிகாட்டும் வரைபடம். அதை வாட்ஸ்அப் குழுவில் போடக்கூடாது. திருத்துபவர் கையில் மட்டும் இருக்கட்டும்.

அடுத்த பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கையுடன் மூன்று கேள்விகளையும் நாம் கேட்கலாம். கடைசியாகச் சோதித்தது எப்போது? தவறு என்று வந்தவற்றில் எத்தனை திருத்தப்பட்டன? திறப்பு இன்று யார் யாரிடம் உள்ளது? விடை தெரியாவிட்டால் தொண்டர்களைக் குறை சொல்ல வேண்டாம். அவர்கள் நித்திரையை விட்டுச் செய்யும் வேலை இது. ஒரு சனிக்கிழமையை ஒதுக்கி, அவர்களோடு கூட இருந்து சோதிப்போம். எம்மை நம்பிப் பெயர் தந்தவர்களுக்கு நாம் செய்யக்கூடிய குறைந்தபட்சக் கடமை அது.