ஆடு புலி ஆட்டம் – எங்கே உட்கார்ந்து ஆடுவது?



போன மழைக்காலத்தில் ஒரு சின்னத் தகராறு. நானும் தம்பியும் கூடத்துத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு ஆடு புலி ஆடிக்கொண்டிருந்தோம். அம்மா வந்து ஈரத்துணியால் ஒரே துடைப்பு! கோடும் போச்சு, ஆட்டமும் போச்சு. கட்டிலில் இருந்த தாத்தா சிரித்துக்கொண்டே, "பாப்பா, காய் தேடறதுக்கு முன்னாடி எடம் தேடணும்"னு சொன்னார். அந்த ஒரு வார்த்தையில் இருந்து பிறந்ததுதான் இந்தக் கட்டுரை.

ஆட்டம் தெரியாதவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். உச்சியில் ஒரு புள்ளி. அதிலிருந்து நாலு கோடு கீழே விரிந்து போகும். அவற்றின் நடுவே குறுக்காக மூன்று கோடு, அடியில் ஒரு கோடு. மூன்று குறுக்குக் கோடுகளும் இரண்டு பக்கமும் கொஞ்சம் வெளியே நீண்டிருக்கும். அந்த ஓரங்களைச் சேர்த்துவிட வேண்டும். எண்ணிப் பாருங்கள், 23 இடம் வரும். புலி 3, ஆடு 15. ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்க வேண்டும். எல்லா ஆடும் இறங்கும் வரை ஆடு நகரக் கூடாது, ஆனால் புலி நகரும். பக்கத்தில் உள்ள ஆட்டைத் தாண்டி நேர்கோட்டில் காலி இடம் இருந்தால், புலி தாண்டிக் குதித்து வெட்டிவிடும். ஆடு புலியை வெட்டவே முடியாது. நகர வழியில்லாமல் சுற்றி அடைக்கத்தான் முடியும். அதனால் இது வெறும் விளையாட்டு இல்லை, ஒரு குட்டிப் போர். ஒரு ஆடுகூட வெட்டுப்படாமல் பதினைந்தும் இறங்கிவிட்டால் மிச்சம் இருப்பது 5 காலி இடம்தான். அப்போது புலிக்கு மூச்சு முட்டும்!

சரி, இடத்துக்கு வருவோம்.

1. திண்ணை: இதுதான் முதல் இடம் என்பார் தாத்தா. நிழல் இருக்கும், தரை சமமாக இருக்கும், எதிரெதிரே உட்காரலாம். முக்கியமாக, தெருவில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். "அந்த ஆட்ட எடு", "ஐயோ, புலி வாயில வெக்கறியே" என்று சத்தம் போடுவார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் சின்னப் பிள்ளைகள் ஆட்டம் கற்றுக்கொண்டார்கள். யாரும் வகுப்பு எடுக்கவில்லை.

2. கோயில் மண்டபம், பாறை: தமிழ்நாட்டில் பல பழைய கோயில்களின் கல்தரையில் இந்தக் கோடுகளை உளியால் வெட்டியே வைத்திருக்கிறார்கள். கர்நாடகத்தில் சிரவணபெளகுளா மலைப்பாறையிலும் இப்படி உண்டு. கல்லில் உள்ள கட்டம் யாருக்கும் சொந்தம் இல்லை. யார் வேண்டுமானாலும் நாலு கூழாங்கல் பொறுக்கிக்கொண்டு உட்காரலாம். (நாம் போய்ப் பழைய கல்லில் புதுசாகக் கோடு கிழிக்கக் கூடாது. அது தப்பு.)

3. உப்பளக் கொட்டகை: நம்ம ஊருக்கே உரிய இடம் இது. தாத்தா நாற்பது வருஷம் உப்பு வாரியவர். விடியும் முன்னே இறங்கி, வெயில் ஏறினதும் கொட்டகையில் ஒதுங்குவார்களாம். அப்போது ஓட்டுத் துண்டு மூணு புலி, உப்புக்கல் பதினைஞ்சு ஆடு. வேர்வைக் கையால் எடுத்து எடுத்து வைப்பதில் ஆடு தேய்ந்துகொண்டே வருமாம். "புலி தின்னது பாதி, கை தின்னது மீதி" என்பார்.

வெளிநாட்டிலும் இடம் பார்த்துத்தான் போர் விளையாட்டு ஆடியிருக்கிறார்கள். 1942-ல், இரண்டாம் உலகப் போரின்போது, இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் ஒரு பெரிய அறையின் தரையையே கடலாக்கிக் கட்டம் போட்டு, கப்பல் பொம்மைகளை நகர்த்தினார்கள். ஜெர்மன் நீர்மூழ்கிகளை எப்படி மடக்குவது என்று கப்பல் அதிகாரிகள் அங்கே ஆடித்தான் பழகினார்கள். அவர்கள் திரைக்குப் பின்னால் நின்று, அதில் உள்ள சின்னத் திறப்பு வழியாகத்தான் பார்க்க வேண்டும். நடுக்கடலில் எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் அங்கேயும் தெரியும். ஆட்டத்துக்கு ஏற்ற இடம் என்றால் இதுதான்!

ஆனால் நான் பார்த்ததில் மறக்க முடியாத இடம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதுதான் ஆலம்பரைக் கோட்டை.

காணும் பொங்கலுக்குத் தாத்தாவையும் கூட்டிக்கொண்டு போனோம். சென்னை போகிற பஸ்ஸில் ஏறி, கடப்பாக்கத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்துப் போனோம். செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய கோட்டை. இப்போது இடிந்த சுவர்தான் நிற்கிறது. ஒரு பக்கம் உப்பங்கழி, அதைத் தாண்டினால் கடல். கரையில் மணலைத் தட்டிச் சமப்படுத்தி விரலால் கோடு போட்டோம். கிளிஞ்சல் ஆடு, கருங்கல் புலி.

அங்கேதான் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. 1750-ல் இந்தக் கோட்டை பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. 1760 ஜனவரியில் வந்தவாசிப் போரில் அவர்கள் தோற்றார்கள். ஆனால் ஆங்கிலேயர் உடனே புதுச்சேரி மேல் பாய்ந்து வெற்றி பெற்றுவிடவில்லை. அதே 1760-ல் ஆலம்பரையைப் பிடித்தார்கள், காரைக்காலைப் பிடித்தார்கள். இப்படிச் சுற்றி உள்ள இடங்களை ஒவ்வொன்றாக எடுத்து, கடைசியில் புதுச்சேரியை வளைத்துக்கொண்டார்கள். சாப்பாட்டுக்கே வழியில்லாமல் 1761 ஜனவரியில் புதுச்சேரி சரணடைந்தது. புலியை வெட்டவில்லை, அடைத்தார்கள்! சமூக அறிவியல் புத்தகத்தில் நாலு தடவை படித்தும் மண்டையில் ஏறாதது, அந்த இடிந்த சுவர் ஓரம் உட்கார்ந்து ஆடியபோது ஏறிவிட்டது. ஆலம்பரை அன்றைக்குப் புலிக்கு இருந்த ஒரு காலி இடம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வருஷக்கணக்கில் வெள்ளை உப்பின் கூச்சத்தைப் பார்த்துப் பார்த்துத் தாத்தாவுக்குக் கண் மங்கிவிட்டது. எங்கள் பழைய வீட்டை இடித்து மாடி வீடு கட்டியபோது திண்ணையும் போய்விட்டது. திண்ணை போனதும் அவரோடு ஆட வரும் இரண்டு தாத்தாக்களும் வருவது நின்றுவிட்டது. சண்டை எதுவும் இல்லை. உட்கார இடம் இல்லை, அவ்வளவுதான். அதுக்கப்புறம் தாத்தா கட்டிலை விட்டு அதிகம் எழுந்திருக்கவில்லை. ஆட்டத்தையே மறந்துவிட்டார் என்று நினைத்தோம். ஆனால் அன்று மணலில் கோட்டை விரலால் தடவிப் பார்த்து ஆடினார். என் மூன்று புலியையும் அடைத்தார். சுற்றிப் பார்க்க வந்த நாலைந்து பேர் நின்று கை தட்டினார்கள். தாத்தா அவ்வளவு சத்தமாகச் சிரித்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

செஸ்ஸும் யானை, குதிரை, சேனை வைத்து ஆடும் போர்தான். 2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது 180-க்கும் மேற்பட்ட நாடுகளில் இருந்து வந்து ஆடினார்கள். அதற்குப் பெரிய அரங்கம் வேண்டும். ஆடு புலிக்கு ஒரு நிழலும் நாலடித் தரையும் போதும். அதுகூட இல்லாமல் போவதால்தான் ஆட்டம் மறைகிறது. பிள்ளைகளுக்கு ஆசை இல்லாமல் இல்லை.

அதனால் தலைமையாசிரியர் ஐயா அவர்களுக்கு ஒரு பணிவான வேண்டுகோள். நம் பள்ளி வேப்பமரத்தடி சிமெண்ட் மேடையில் ஒரு ஆடு புலிக் கட்டம் போட அனுமதி தர வேண்டும். பெயிண்ட் வேண்டாம் ஐயா. கோட்டைப் பள்ளமாகப் பதிக்க வேண்டும். அப்போதுதான் துடைத்தாலும் போகாது, மழையிலும் அழியாது, கண் தெரியாதவர்களும் தடவி ஆடலாம். ஒரு சனிக்கிழமை தாத்தாவையும் அவருடைய பழைய கூட்டாளிகளையும் நான் கூட்டிக்கொண்டு வருகிறேன். அவர்கள் ஆடு, நாம் புலி.

ஜெயிச்சிடலாம்னு நினைக்காதீங்க!

– ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி